குழிக் கட்டத்தில் கிடந்தவன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். எவனாவது வந்து பேயைப் பார்த்தேன் என்றால், எத்தனை ரவுண்டு போட்டாய் என்று கேட்பேன். இந்தக் கதையை என்னிடம் சொன்ன மெர்வின் குடிக்கிறவன் இல்லை. அப்படியும் அவன் சொன்னதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கைக்கட்டைப் பிரித்துக் காட்டினான். அதற்குப் பிறகுதான் உட்காரச் சொல்லி முழுக்கக் கேட்டேன். கேட்ட பிறகும் சந்தேகம் போகவில்லை. அவன் மனைவி ஜோஸ்லினைத் தனியாக விசாரித்தேன். நண்பன் லியோவைத் தனியாக விசாரித்தேன். மூன்று வாயும் ஒரே கதையைத்தான் சொல்லிற்று.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடந்ததில்லை. எல்லாமே ஞாயிற்றுக்கிழமை, மதிய வெயிலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னான்?

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் சின்னச் சின்னப் பட்டறைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று லியோவின் லேத் பட்டறை. தகரக் கூரை, முன்னால் ஒரே ஒரு ஷட்டர், பின்பக்கம் வாசல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தில் ஒரு மிஷினும் ஓடாது. கோயில் பூசை முடிந்து, வீட்டில் பிரியாணி தின்றுவிட்டு, நான்கு பேர் அங்கே கூடுவார்கள். மெர்வின், ஜோஸ்லின், லியோ, கிருபாசங்கர்.

சீட்டாட்டம் என்று நினைக்காதீர்கள். இது வேறு. மடக்குப் பலகைமேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, விரல் உயரப் பொம்மைகளை நிறுத்தி வைப்பார்கள். ஒருத்தன் கதை சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கோட்டை, சுரங்கம், பூதம் எல்லாம் வரும். வாளை வீசினால் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். முப்பது வயது தாண்டியவர்கள் இப்படி ஆறு வருஷமாக ஆடினார்கள். கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கதை சொல்லுகிறவன் மெர்வின். பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. பேச்சுக்காரன். தான் சொன்னதுதான் சரி என்கிற ஆள்.

பொம்மை செய்கிறவன் கிருபாசங்கர். பெருந்துறைப் பக்கம் தோட்டத்து வீடு. அப்பா இல்லை, அம்மா சின்னாத்தாள் மட்டும். ஒவ்வொரு ஞாயிறும் பைக்கில் அவ்வளவு தூரம் வந்து போவான். கம்பியை முறுக்கி எலும்பு செய்வான். களிமண் மாதிரி இளகிய மஞ்சள் பட்டியும் நீலப் பட்டியும் பிசைந்தால் பச்சையாக வரும். அதைக் கம்பிமேல் அப்பி, பல் டாக்டர் வைத்திருக்கிற குத்தூசியால் முகம் செதுக்குவான். அந்தப் பட்டி கொஞ்ச நேரத்துக்குத்தான் இளகியிருக்கும். மறுநாள் கல். பிறகு சுத்தியலால்தான் உடைக்க வேண்டும்.

ஒவ்வொரு பொம்மைக்கும் அடியில் வலது கைப் பெருவிரலை ஒரு அழுத்து அழுத்துவான். அதுதான் அவன் கையெழுத்து. சின்ன வயதில் கத்தி பட்டு அந்த விரலில் குறுக்காக ஒரு வெட்டு. ரேகையின் நடுவே அந்த வெட்டும் விழுந்திருக்கும்.

ஆட்டத்துக்கு ரூல் எழுதியதும் அவன்தான். வெளிநாட்டுப் புத்தகத்து ரூல்களில் அவனுக்குப் பிடிக்காததைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சொந்தமாகச் சிலது சேர்த்தான். அதில் இரண்டு ரூல் முக்கியம். கவனமாகக் கேளுங்கள்.

ஒன்று. அடிபட்டு விழுந்தவன் மூன்று முறை கூப்பிடலாம். மூன்றாவது கூப்பாடு முடிவதற்குள் பக்கத்தில் இருக்கிற எவனாவது "தூக்கட்டுங்களா?" என்று கேட்க வேண்டும். விழுந்தவன் "தூக்குங்க" என்றால் பிழைத்தான். யாரும் கேட்கவில்லையா, செத்தான்.

இரண்டு. செத்தவனின் பொம்மையை மற்றவர்கள் தொடக்கூடாது. அதற்குரியவன்தான் தன் கையால் எடுக்க வேண்டும். அதுவரை அது விழுந்த கட்டத்திலேயே கிடக்கும்.

"அதென்னடா, உசுருக்குப் போராடறவன்கிட்டப் போயி பர்மிசன் கேக்கறது?" என்று லியோ ஒருமுறை கிண்டலடித்தான்.

"விழுந்தவங்களா இருந்தாலும் கேட்டுத்தானுங்க தொடோணும்" என்றான் கிருபாசங்கர்.

அவன் அப்படித்தான். ஒரே வயதுக்காரர்களையும் ங்க போட்டுத்தான் பேசுவான். ஆட்டத்தில் குறுக்கே வருகிற பூதத்தையே "ஏனுங்க, சித்த வழி உடறீங்களா?" என்று கேட்டவன். அன்றைக்கு ஜோஸ்லின் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டதாம்.

அவன் கட்டிய வேஷம் ஒரு சுமையாள். கையில் வாள் கிடையாது. முதுகில் மூட்டை. விழுந்தவர்களைத் தூக்குவது மட்டும்தான் அவன் வேலை. ஆறு வருஷத்தில் ஒருத்தரும் சாகவில்லை. சுமையாள் விடவில்லை.

அதுதான் மெர்வினுக்கு உறுத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்துக்குள் கதை போய்க்கொண்டிருந்தது. சுமையாள் குழிக் கட்டத்தில் விழுந்தான். கிருபாசங்கர் பொம்மையைச் சாய்த்து வைத்தான்.

"யாராச்சும் வாங்க" என்று முதல் கூப்பாடு போட்டான்.

லியோ கையை நீட்டினான். "தூக்கட்டு..."

மெர்வின் பலகைமேல் உள்ளங்கையை வைத்து மறித்தான். "இன்னைலருந்து அந்த ரூல் கெடையாது."

"என்னடா சொல்ற?"

"சாவே இல்லாத ஆட்டத்துல எவனுக்குடா பயம் வரும்? உழுந்தா உழுந்ததுதான். கத சொல்றவன் நான். ரூலை மாத்தறதும் நான்தான்."

கிருபாசங்கர் அவனைப் பார்த்தான். "ஆடிட்டிருக்கறப்ப மாத்தறது ஞாயமில்லீங்க மெர்வினு." பிறகு ஒரு பிடிவாதத்தோடு இரண்டாம் கூப்பாடு போட்டான். "யாராச்சும் வாங்க." மூன்றாவதும் போட்டான்.

மெர்வின் சிரித்தான். "மூணு தடவ கூப்புட்டான். ஒருத்தரும் வரல. செத்தான்."

கிருபாசங்கர் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தான். ஜோஸ்லின் தடுத்தாள். அவன் நிற்கவில்லை. ஷட்டருக்கு வெளியே போய்த் திரும்பிச் சொன்னான்:

"அந்தப் பொம்மையைத் தொட்டுப்போடாதீங்க. நானே வந்து எடுத்துக்கறேன்."

பைக் சத்தம் சந்து முனைவரை கேட்டது. அவ்வளவுதான். அவனை உயிரோடு அவர்கள் பார்த்தது அதுதான் கடைசி.

பெருந்துறைக்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து எதுவோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பைக்கோடு ஓடைக்குள் விழுந்துவிட்டான். சீமைக்கருவேல மறைவு. ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பால்காரர் பார்த்துச் சொன்னார். விழுந்த உடனே போகவில்லை, வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செல்போன் ஓடைத் தண்ணீரில் எங்கே போனதோ, கிடைக்கவில்லை. போலீஸும் அதற்குமேல் தோண்டவில்லை.

இப்போது மெர்வின் என்னைத் தவிர யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லுகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் செல்போன் அடித்தது. கிருபா என்று பெயர் வந்தது. ஜோஸ்லின் சமையலறையில் இருந்தாள். ரூல் சண்டையைத் தொடரத்தான் கூப்பிடுகிறான் என்று மெர்வின் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்தான். மறுபடியும் அடித்தது. கவிழ்ந்தபடியே மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது... பிறகு நின்றது.

மூன்று முறை.

சாவுச் செய்தி வந்ததும் அவன் செய்த முதல் வேலை, அந்த மூன்று அழைப்பையும் போனிலிருந்து அழித்ததுதான்.

அடக்கத்துக்குப் போனான். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கழுத்துவரை துணி சுற்றிக் கொடுத்திருந்தார்கள். முகம் மட்டும்தான் தெரிந்தது. சின்னாத்தாள் இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவனும் அழுதான். சொல்லவில்லை.

கொஞ்ச நாள் பட்டறைப் பக்கம் யாரும் ஆட்டத்துக்குப் போகவில்லை. பிறகு லியோதான் கூப்பிட்டான். ஒட்டுக்கா உட்கார்ந்து கிருபாவுக்காக ஒரு ஆட்டம் ஆடலாம் என்றான். போனார்கள். பலகை அப்படியே இருந்தது. குழிக் கட்டத்தில் சுமையாள் சாய்ந்தபடி கிடந்தான். மேலே மெல்லிய தூசி.

"அதை என்ன பண்றது?" என்றான் லியோ.

"கெடக்கட்டும்ங்க. அவரே வந்து எடுத்துக்கறேன்னு சொன்னாரு" என்றாள் ஜோஸ்லின்.

மெர்வினுக்கு அந்தப் பேச்சே ஆகவில்லை. "செத்தவன் எப்படி வந்து எடுப்பான்?" என்று பொம்மையை வலது கையால் தூக்கினான். மூலையில் இருந்த இரும்புச் சீவல் டிரம்முக்குள் எறிந்தான். டங் என்று அடியில் போய் விழுந்தது.

அதன் பிறகு யாருக்கும் ஆட மனம் வரவில்லை. லியோ ஷட்டரை இழுத்துப் பூட்டினான். கிருபா போன பிறகு அவன் மிஷினையும் ஓட்டவில்லை, வாரநாளில் பட்டறையைத் திறப்பதும் இல்லை. அந்தப் பூட்டுக்குச் சாவி ஒன்றே ஒன்று. அது லியோவின் இடுப்புக் கொத்தில் இருக்கும்.

அடுத்த ஞாயிறு மூவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். லியோ எல்லார் முன்னாலும் பூட்டைத் திறந்தான்.

குழிக் கட்டத்தில் ஒரு பொம்மை கிடந்தது.

சுமையாள் இல்லை. வேறு. பச்சையாக, பெயின்ட் படாமல், ஒருக்களித்துக் கிடக்கிற ஆள். வலது கை தரையோடு. இடது கை மேலே தூக்கியபடி. மெர்வின் குனிந்து பார்த்தான்.

முகம் அவனுடையது. மோவாய்க் குழி, இடது புருவத்துத் தழும்பு எல்லாம் இருந்தது. வாய் திறந்திருந்தது.

"டே லியோ, விளையாடறியா?"

"எனக்கு ஒரு கொட்டாம்புளிச் சுத்தி செய்யவே வராதுடா. நான் போயி உம்மூஞ்சியச் செய்யறனா? கெரகம்!"

மெர்வின் பொம்மையை எடுத்தான். விரல் அதில் பதிந்தது.

பட்டி இளகியிருந்தது.

மறுநாளே கல்லாகிற பட்டி. பூட்டு ஒரு வாரமாகத் திறக்கவில்லை. இளகியிருந்தது... இப்போதுதான் பிசைந்து வைத்த மாதிரி.

மெல்லத் திருப்பினான். அடியில் பெருவிரல் ரேகை.

ஜோஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மெர்வின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மூச்சு விட்டான். சத்தமாகவே சிரித்தான். "இது கிருபா ரேகை இல்ல. அந்த வெட்டு இல்ல பாரு. எவனோ வேல பாக்கறான். வென்டிலேட்டர் வழியாக் கையை உட்டிருப்பான்."

லியோ பார்த்தான். உண்மைதான். ரேகை சுத்தமாக இருந்தது. குறுக்கு வெட்டு இல்லை.

அந்த ஒரு விஷயத்தைத்தான் மெர்வின் பிடித்துக்கொண்டான். வெட்டு இல்லை. அதனால் கிருபா இல்லை. எவனோ உயிரோடு இருக்கிறவன்.

இன்னொன்றும் அவன் கண்ணில் பட்டது. பொம்மையின் வலது கையில் நான்கு விரல்தான் இருந்தது. பெருவிரல் இல்லை. கத்துக்குட்டி வேலை, கிருபா இப்படித் தப்பு விடமாட்டான் என்று அதையும் தன் பக்கத்துச் சாட்சியாக வைத்துக்கொண்டான். பொம்மையை நசுக்கி உருண்டையாக்கி வெளியே எறிந்தான்.

அதற்கடுத்த ஞாயிறு மறுபடி ஒன்று கிடந்தது.

அதே ஆள். அதே கிடை. ஆனால் தூக்கிய இடது கையில் இப்போது ஒரு சின்னச் சதுரம். காதோரம் பிடித்திருந்தது.

ஜோஸ்லின்தான் முதலில் கண்டுகொண்டாள். "ஏனுங்க... இது போனுங்க. கோட்டைச் சண்டையில எதுக்குங்க போனு?"

மெர்வின் பொம்மையைக் கவிழ்த்து வைத்தான்.

"கிருபாண்ணன் அன்னைக்கு உங்களைக் கூப்புட்டாருங்களா?"

"இல்ல."

"நெசமாத்தான் கேக்கறேன்."

"இல்லைன்னு சொல்றேனல்ல!"

அவன் கத்திய கத்தலில் தகரக் கூரை அதிர்ந்தது. கூரை அடங்கிய பிறகு, மூலையில் இருந்த டிரம்முக்குள் ஒரு சத்தம் கேட்டது. இரும்புச் சீவலுக்குள் எதுவோ புரள்கிற சத்தம்... சரக்... சரக்...

மூவருக்கும் கேட்டது. லியோ எலி என்றான்.

எலி என்று சொன்னவன் ஷட்டரைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

அந்த வாரம் மெர்வின் முடிவு கட்டினான். பலகை, பொம்மைகள், பட்டி, குத்தூசி எல்லாவற்றையும் மூட்டை கட்டி எரித்துவிட வேண்டும். லியோ சாவி தர மறுத்தான். "அது கிருபாவோட சாமானம். அவங்கம்மாகிட்டக் கேக்காமத் தர மாட்டேன்" என்றான். மெர்வின் வாய்க்கு வந்தபடி பேசினான். லியோ சாவியை முகத்தில் எறியாத குறையாகக் கொடுத்தான். "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்றும் சொன்னான்.

ஞாயிறு மதியம். மெர்வின் தனியாகப் போனான். மே மாத வெயில். சந்தில் ஒரு நாய்கூட இல்லை. பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் சிக்கந்தர் சாப்பிடப் போயிருந்தார்.

ஷட்டரைத் தூக்கினான். குழிக் கட்டம் காலியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டான். ஒரு பொம்மைகூட விடவில்லை. பலகையையும் மடித்துத் திணித்தான். வாயை இறுக்கிக் கட்டி, வெளியே கொண்டுவந்து வைத்தான். மேசை மொட்டையாக நின்றது.

ஷட்டரை இழுத்தான். முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. காலால் மிதித்தான். இறங்கவில்லை. குனிந்து அடிப்பட்டையை வலது கையால் பிடித்தான்.

உள்ளே பகடை உருண்டது.

டக்... டக் டக்... டக்.

பகடை சாக்குக்குள் இருந்தது. சாக்கு வெளியே இருந்தது.

அவன் நிமிரப் பார்த்தான்.

மேலே ஸ்பிரிங் தெறித்தது. டங்!

ஷட்டர் மொத்தமாக இறங்கியது. வலது கைப் பெருவிரல் பட்டைக்கும் வாசல் இரும்புக்கும் நடுவில் சிக்கியது. அவன் போட்ட கூச்சல் அவனுக்கே கேட்கவில்லை. கால் மடங்கி ஒருக்களித்து விழுந்தான்.

இடது கையால் தூக்கினான். அசையவில்லை. தோளை வைத்து நெட்டினான். அசையவில்லை.

சட்டைப் பையிலிருந்து போனை இடது கையால் உருவினான். வழுக்கித் தரையில் விழுந்தது. திரை நொறுங்கியது. எதை அழுத்தினாலும் எடுக்கவில்லை. மேலே இருந்த ஒரு பெயர் மட்டும் அழுத்த வந்தது. காலையில் சாவி கேட்டுக் கடைசியாகப் பேசிய பெயர்.

லியோ.

கூப்பிட்டான். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது... நின்றது.

ஷட்டருக்கு உள்ளே, காதுக்கு நேராக, யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"ஒண்ணுங்க."

அவனுக்கு வலி மறந்துபோயிற்று.

மறுபடி அழுத்தினான். "எடுடா... எடுடா லியோ..." மணி போனது. நின்றது.

"ரெண்டுங்க."

தெரிந்த குரல். அடக்கமான குரல். அவசரமில்லாத குரல்.

மூன்றாவது முறை அழுத்தினான்.

நின்றது.

"மூணு."

ங்க இல்லை.

வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஷட்டர் லேசாக அதிர்ந்தது. உள்ளிருந்து யாரோ அடிப்பட்டையில் கை வைத்த மாதிரி.

"தூக்கட்டுங்களா?"

மெர்வின் அலறினான். "தூக்கு! தூக்குங்க கிருபா! தூக்குங்க!"



ஒரு மூச்சு.

இன்னொரு மூச்சு.

"அந்த ரூலைத்தான் எடுத்துப்போட்டீங்களே மெர்வினு."

ஷட்டர் இன்னும் ஒரு விரல்கடை கீழே இறங்கியது.

சிக்கந்தர் திரும்பி வந்து பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினார். ஒரே கையில். காகிதம் மாதிரி வந்தது என்று அவர் என்னிடமே சொன்னார். உள்ளே மேசைமேல் பலகை விரித்திருந்ததாம். பொம்மைகள் கட்டத்துக்குக் கட்டம் நின்றிருந்தனவாம். குழிக் கட்டத்தில் ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. அதன் விளிம்பில் மூட்டை சுமந்த பொம்மை ஒன்று, தலை குனிந்து குழிக்குள் பார்த்தபடி நின்றது. உடம்பெல்லாம் இரும்புச் சீவல்.

வெளியே கிடந்த சாக்கு காலி. கட்டிய கட்டு அவிழவே இல்லை.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். விரல் ஒட்டுகிற நிலையில் இல்லை, சிதைந்துவிட்டது என்று கையை விரித்தார்கள். லியோ வந்து கட்டில் ஓரம் நின்று அழுதான்.

"மூணு தடவ வந்துதுடா. பாத்தேன். சண்ட போடத்தான் கூப்புடறேன்னு நெனச்சுப் போனைக் கவுத்து வெச்சுட்டேன்."

மெர்வின் கண்ணை மூடிக்கொண்டான்.

கட்டோடு வீடு வந்த பிறகும் அவன் அந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ரேகையில் வெட்டு இல்லை. வெட்டு இல்லை. ஷட்டர் ஸ்பிரிங் பழசு. குரல் வலி மயக்கத்தில் கேட்டது. டாக்டரும் அதற்கு ஏதோ பெயர் சொன்னார். பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா?

ஜோஸ்லின் விடவில்லை. "கிருபாண்ணன் அம்மாவைப் போய்ப் பாத்து, மனசுல என்ன இருக்குதோ அதைச் சொல்லிப்போட்டு வாங்க. என்கிட்டச் சொல்ல வேண்டாம். அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாள். அவளே கார் ஓட்டிக்கொண்டு போனாள். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் அவனும் கிளம்பினான்.

சின்னாத்தாள் தோட்டத்தில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க கண்ணு, வா அம்மணி" என்று கட்டில் எடுத்துப் போட்டாள். மெர்வினின் கையைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"பெருவெரலுங்களா சாமி?"

"ஆமாங்கம்மா."

"எம்பையனுக்கும் அதே வெரல்தானுங்க."

மெர்வினுக்குப் புரியவில்லை.

"உங்களுக்கெல்லாம் தெரியாதுங்க. துணி சுத்திக் குடுத்துப்போட்டாங்கல்ல. ஊட்ல தண்ணி வாக்கறப்ப நான்தான் பிரிச்சுப் பாத்தேன். வலக்கைல பெருவெரலே இல்லீங்க. வண்டிச் சக்கரம் ஏறிப் போயிருச்சாட்ட இருக்குது. எடக்கை ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு."

ஜோஸ்லின் மெல்ல மெர்வினைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் இவ்வளவு நாளும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கயிறு அங்கே அறுந்தது. பொம்மைக்கு அடியில் வெட்டு இல்லாத ரேகை. வெட்டு விழுந்த விரல் அவனுக்கு இல்லை. மிச்சம் இருந்தது இடது கைப் பெருவிரல்தான்.

சின்னாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அந்த எடக்கையும் எதையோ காதோரம் புடிச்ச மாதிரியே வெறைச்சுக் கெடந்துச்சுங்க. நிமித்தவே முடியல. கடைசியா யாரையோ கூப்புட்டிருக்கறான். யாருன்னு தெரிஞ்சா எனக்கு நெஞ்சு ஆறுமுங்க. உங்களைக் கூப்புட்டானுங்களா கண்ணு?"

அங்கே சொல்லியிருக்கலாம்.

ஜோஸ்லின் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி பார்த்துக்கொண்டிருந்தாள். எருமைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"இல்லீங்கம்மா" என்றான் மெர்வின். "எனக்கு வரலீங்க."

கிழவி தலையாட்டினாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது உள்ளங்கையில் எதையோ பொத்தி வைத்திருந்தாள்.

"காத்தால அவன் ரூமைக் கூட்டப் போனேன். மேசை மேல இது கெடந்துச்சுங்க. முன்னாடி பாத்ததில்ல. மொகம் உங்க சாடையா இருக்குது. நீங்களே வெச்சுக்கங்க."

மெர்வின் இடது கையை நீட்டினான். அவள் வைத்தாள்.

பச்சைப் பொம்மை. ஒருக்களித்துக் கிடந்தது. வலது கையில் நான்கு விரல்.

இடது கையிலும் நான்கு விரல்.

பட்டி இன்னும் இளகியிருந்தது.

இது நடந்து மழைக்காலம் ஒன்று போய்விட்டது. பொம்மையை அவன் ஆற்றில் போட்டானா, எரித்தானா என்று நான் கேட்கவில்லை. இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டபடிதான் நடக்கிறான். கதவைத் திறக்கக்கூட அதை வெளியே எடுப்பதில்லை. ஜோஸ்லின் திறந்துவிடுகிறாள். போய்ச் சொல்லித் தொலையடா என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லுகிறேன் என்கிறான்.

இன்னும் சொல்லவில்லை.